குளிர்காலத்தில் ஸ்பிதி: உறைபனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குச் செல்லக் கோடையில் இரண்டு சாலைகள் உண்டு. மணாலியிலிருந்து குன்ஸும் கணவாயைக் கடந்து இறங்குவது ஒன்று. சிம்லாவிலிருந்து சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் மாவட்டத்தின் வழியாக ஏறுவது மற்றொன்று. ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரத்தில் இருக்கும் குன்ஸும் கணவாய் நவம்பர் வாக்கில் பனியால் மூடப்பட்டு, மே அல்லது ஜூன் மாதத்தில்தான் மீண்டும் திறக்கப்படுகிறது. 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை லாஹௌலைக் குளிர்காலத்திலும் மணாலியோடு இணைத்து வைத்திருக்கிறது. ஆனால் லாஹௌலுக்கும் ஸ்பிதிக்கும் நடுவே குன்ஸும் நிற்பதால், ஸ்பிதி செல்பவருக்கு அந்தச் சுரங்கத்தால் பயனில்லை. ஆகவே டிசம்பர் முதல் மார்ச் வரை சிம்லா, நார்கண்டா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாகோ, தாபோ, காஸா என்று செல்லும் ஏறக்குறைய 430 கிலோமீட்டர் சாலையில்தான் போக வேண்டும், அதே சாலையில்தான் திரும்பவும் வேண்டும்.

காஸாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்குவது வழக்கமானதே. இந்த வழிகாட்டி, மலைச் சாலையில் கோடையில் போதிய அளவு ஓட்டிப் பழகியவர்களுக்காக எழுதப்படுகிறது. மலையில் முதல் முறை வண்டி ஓட்டப் போகிறவர் அதைக் குளிர்கால ஸ்பிதியில் தொடங்கக் கூடாது என்பதில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை.

இப்பயணத்துக்குத் தயாராகிறவர்களில் பலர் உடைக்கும் வண்டிக்கும் மாதக்கணக்கில் செலவிட்டு, எந்த மணிக்குக் கிளம்ப வேண்டும், எந்த மணிக்கு வண்டியை நிறுத்திவிட வேண்டும் என்பதை மட்டும் போகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். உறைபனிச் சாலையில் உயிரைக் காப்பதில் மற்ற எல்லா ஏற்பாடுகளையும்விட இந்த நேரக் கணக்குக்கே பங்கு அதிகம் என்பதால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் படி: நாளையும் நேரத்தையும் வகுத்தல்

பகலில் வெயில் பட்ட இடங்களில் பனி உருகி, அந்த நீர் சாலையின் குறுக்கே வழிகிறது. வெயில் மலைக்குப் பின்னால் மறைந்ததும் அந்த நீர் கண்ணாடிப் படலமாக உறைகிறது. ஆழமான பள்ளத்தாக்கு என்பதால் சூரியன் உதித்து நெடுநேரம் கழித்தே சாலையில் வெயில் விழும். மறைவதும் நாம் எதிர்பார்ப்பதற்கு மிக முன்பே நடந்துவிடும். எனவே காலை 10 மணிக்கு முன் சக்கரத்தை உருட்டாமலும், பிற்பகல் 3 மணிக்குப் பின் சாலையில் இல்லாமலும் திட்டமிடுவதே சரி. ஒரு நாளுக்கு ஐந்து மணி நேரம்தான் கிடைக்கிறது. கோடையில் ஒரே நாளில் கடக்கும் தூரத்தைக் குளிர்காலத்தில் இரண்டு நாளாகப் பிரிக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

உயரத்துக்கு உடலைப் பழக்குவதற்கும் இந்தப் பிரிப்பு உதவுகிறது. சிம்லா 2,200 மீட்டர். அங்கிருந்து நார்கண்டா ஏறி, சட்லெஜ் கரைக்கு இறங்கி, ராம்பூரில் ஒரு இரவு தங்கலாம். ராம்பூர் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்தில்தான் இருப்பதால் அங்கே குளிர் தாங்கக்கூடியதாக இருக்கும். மறுநாள் ரெக்காங் பியோவுக்கு மேலே, 2,960 மீட்டரில் உள்ள கல்பாவில் தங்க வேண்டும். இயன்றால் அங்கே இரண்டு இரவுகள் தங்குவது நல்லது. அதன்பின் தாபோ, 3,280 மீட்டர். கி.பி. 996இல் நிறுவப்பட்ட மடாலயம் இருக்கும் ஊர் அது. அங்கிருந்து ஏறத்தாழ 3,700 மீட்டரில் இருக்கும் காஸா 47 கிலோமீட்டர்தான். பலர் கல்பாவிலிருந்து நேரே நாகோ சென்று 3,660 மீட்டரில் உறங்குகிறார்கள். ஒரே இரவில் உறங்கும் உயரத்தை 700 மீட்டர் கூட்டுவது தலைவலியையும் குமட்டலையும் வரவழைக்கும். நாகோவைப் பகலில் கடந்து தாபோவில் இறங்கி உறங்குவது உடலுக்கு இதம்.

திட்டத்தில் குறைந்தது மூன்று நாட்களை வெறுமையாக விட்டு வையுங்கள். பனிப்பொழிவு தொடங்கினால் எல்லைச் சாலைகள் அமைப்பினர் புல்டோசர் கொண்டு வழி திறக்கும்வரை இருக்கும் இடத்திலேயே காத்திருக்க வேண்டும். குஃப்ரிக்கும் நார்கண்டாவுக்கும் இடையே சாலை மூடினால், சிம்லாவிலிருந்து பசந்த்பூர் வழியாகத் தாழ்வான பாதையில் சட்லெஜ் கரையை அடைய முடியும். மேலே, பியோவுக்கு அப்பால், அப்படிப்பட்ட மாற்று வழி கிடையாது. விடுமுறை முடிகிறது, ரயில் டிக்கெட் போட்டாகிவிட்டது என்ற நெருக்கடியோடு பனிச்சாலையில் இறங்குகிறவர்தான் ஐந்து மணிக்கும் வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் படி: வண்டியைக் குளிருக்குத் தயார் செய்தல்

என்ஜின் ஆயிலில் இருந்து தொடங்குவோம். டப்பாவின் மேல் 20டபிள்யூ, 15டபிள்யூ, 10டபிள்யூ என்று எழுதியிருப்பதில் முதல் எண், குளிரில் அந்த ஆயில் எவ்வளவு இளகி நிற்கும் என்பதைக் குறிக்கிறது. குளிர்ந்த என்ஜினைச் சுழற்றுவதற்கான சோதனை 20டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 15 டிகிரியிலும், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20இலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25இலும் நடத்தப்படுகிறது. காஸாவின் இரவுக்கு 20டபிள்யூ பொருந்தாது. 15டபிள்யூ எல்லையில் நிற்கும். வண்டியின் கையேடு இடம் கொடுத்தால் 10டபிள்யூ வகைக்கு மாறிவிடுவது நல்லது. காருக்கான ஆயிலை ஊற்றிவிடக் கூடாது. மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஆயிலுக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறியீடு உள்ளதையே வாங்க வேண்டும்.

நீர்க்குளிர்ச்சி உள்ள வண்டிகளில் கூலண்டைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ ரேடியேட்டரில் அளவு குறைந்தால் வெறும் தண்ணீரை ஊற்றிச் சமாளிப்பது நம் வழக்கம். வெயில் ஊரில் அதனால் உடனே கேடு தெரிவதில்லை. அதே வண்டியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் ஸ்பிதியில் ஓர் இரவு நிறுத்தினால், தண்ணீர் உறைந்து விரிந்து ரேடியேட்டரையோ சிலிண்டரையோ பிளந்துவிடும். பழையதை முழுவதும் வடித்துவிட்டு, எத்திலீன் கிளைக்காலும் வாலைவடி நீரும் சரிபாதி கலந்த கூலண்டை நிரப்புங்கள். அது மைனஸ் 35 டிகிரிவரை உறையாது. காற்றுக்குளிர்ச்சி வண்டிகளுக்கு இந்தக் கவலை இல்லை. ரயிலில் வண்டியை அனுப்புவோர் பெட்ரோலை முழுவதும் வடித்துவிட்டே அனுப்ப வேண்டும் என்பதால், இறங்கிய இடத்தில் டேங்கை நிரப்பிக்கொள்ளவும் மறக்க வேண்டாம்.

பேட்டரி மைனஸ் 18 டிகிரி அளவில் தன் திறனில் ஏறக்குறையப் பாதியை இழந்து நிற்கிறது. கெட்டியான ஆயிலைச் சுழற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்பதும் அதே நேரத்தில்தான். மூன்று ஆண்டு பழைய பேட்டரி சமவெளியில் நன்றாக வேலை செய்தாலும் அதை நம்பிப் போகாமல் புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள். முழுச் சார்ஜில் இருக்கும் ஈய அமில பேட்டரி மைனஸ் 50 டிகிரிக்குக் கீழும் உறையாமல் தாங்கும். சார்ஜ் இறங்கிப்போனது மைனஸ் 10 டிகிரி அளவிலேயே உறைந்து வெடிப்பு விடும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்ட வேண்டும்.

டயரில் காற்றழுத்தம் பற்றி ஒரு நுட்பம் இருக்கிறது. குளிர் அழுத்தத்தைக் குறைக்கும் என்பதைப் பலரும் அறிவர். உயரம் அதைக் கூட்டிக் காட்டும் என்பதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு. 30 டிகிரி வெப்பத்தில் சமவெளியில் 32 பி.எஸ்.ஐ. நிரப்பிய டயர், மைனஸ் 10 டிகிரிக்குப் போகும்போது குளிரால் 6 பி.எஸ்.ஐ. அளவுக்கு இழக்கும், காஸாவின் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் 5 பி.எஸ்.ஐ. அளவுக்குக் கூடும். இரண்டும் ஏறத்தாழ ஈடாகிவிடுகின்றன. ஆனால் ராம்பூரிலும் நார்கண்டாவிலும் கணக்கு வேறாக இருக்கும். ஆகவே மனக்கணக்கில் காற்றை இறக்காமல், கையடக்கமான அளவுமானி ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலையிலும் டயர் குளிர்ந்திருக்கும்போதே அளந்து, கையேடு கூறும் அளவில் வையுங்கள். டயரின் பட்டைகள் ஆழமாக இருப்பது இன்றியமையாதது. கோடைக்கான கெட்டி ரப்பர் டயர் குளிரில் இறுகிவிடுவதால், தார்ச்சாலைக்கும் மண்சாலைக்கும் பொதுவான, கட்டைகள் பிரிந்த டயரே ஏற்றது.

கிளட்ச் கேபிளிலும் ஆக்சிலரேட்டர் கேபிளிலும் நீர் புகுந்திருந்தால் அது இரவில் உறைந்து, காலையில் பிடியே அசையாது. புறப்படும் முன் கேபிள்களைக் கழற்றி உலர்த்தி, மெல்லிய எண்ணெய் விட்டுப் பூட்டுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் தன்மை உடையது என்பதால் அதையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

பெட்ரோல் இந்தக் குளிரில் உறையாது. டீசல் வண்டிகள் படும் பாடு நமக்கு இல்லை. டேங்கில் காலியிடம் இருந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து நீராகும் என்பதால், இரவு நிறுத்தும்போது டேங்க் நிறைந்திருக்கட்டும். பியோவுக்குக் கீழே பவாரியில் நிரப்பினால் அடுத்து காஸாவில்தான் என்று கணக்கிட்டு, ஐந்து லிட்டர் கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். காஸாவின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே இருப்பதால், என்ஜினின் வலு அதே அளவில் குறையும். இது கோளாறு அன்று. கார்புரேட்டர் வண்டிகளில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரக்கூடும் என்பதால், ஒரு மாற்று ஸ்பார்க் பிளக் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: காற்றை மறிக்கும் உடை

காற்று பட்டால் குளிர் எவ்வளவு கூடும் என்பதற்கு, வானிலைத் துறைகள் 2001 முதல் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. வெளியே மைனஸ் 10 டிகிரி இருக்கும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று திறந்த தோலுக்கு மைனஸ் 18 போலவும், 40 கிலோமீட்டரில் மைனஸ் 21 போலவும், 60 கிலோமீட்டரில் மைனஸ் 23 போலவும் உறைக்கும். இதில் கவனிக்க வேண்டியது, முதல் 20 கிலோமீட்டர் வேகமே பெரும்பங்கு வெப்பத்தைப் பறித்துவிடுகிறது என்பதே. வேகத்தைக் குறைத்தால் குளிர் குறையும் என்று நம்பி இருந்தால் ஏமாற்றமே கிடைக்கும். பிடிமானத்துக்காக வேகத்தைக் குறையுங்கள். குளிருக்கு உடையில்தான் வழி தேட வேண்டும்.

உடலை ஒட்டி மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் தெர்மலோ இருக்க வேண்டும். பருத்தி வேண்டவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே நின்று உடல் வெப்பத்தைக் குடித்துவிடும். அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது இறகு அடைத்த ஜாக்கெட்; எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத ரைடிங் ஜாக்கெட்டும் பேண்ட்டும். கழுத்தும் மணிக்கட்டும் இடுப்பும்தான் காற்று நுழையும் வாசல்கள் என்பதால், கழுத்துக்கு ஒரு கம்பளிக் குழாய்த்துணியும், கையுறையின் மேல் ஏறி மூடும் சட்டைக்கையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். விரல் மரத்துப்போனால் பிரேக் பிடிக்கும் அளவு தெரியாது; அளவு தெரியாத பிரேக் பனியில் நேரே விழுவதற்கு வழி. கைப்பிடியைச் சூடாக்கும் மின்கருவியைப் பலரும் முதலில் வாங்குகிறார்கள். அது உள்ளங்கையை மட்டுமே சூடாக்கும்; காற்று அறைவதோ விரல்களின் புறப்பகுதியில். ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஹேண்டில்பாரின் இருபுறமும் உறைபோல மாட்டும் மஃப். அதனுள்ளே கை புகுந்துவிட்டால் காற்று முற்றாக நின்றுவிடும். அதன்பின் நடுத்தரமான கையுறையே போதும், விரல்களுக்கு நெம்புகோலின் உணர்வும் கிடைக்கும். மஃபை மாட்டியபின் வண்டியை நிறுத்தி வைத்து, கையைச் சட்டென்று வெளியே உருவ முடிகிறதா, இண்டிகேட்டர் பொத்தான் அகப்படுகிறதா என்று பலமுறை பழகிப் பாருங்கள். விழும் தருணத்தில் கை உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது. கையுறைக்குள் எப்போதும் ஒரு மெல்லிய உள்ளுறை இருக்கட்டும். சாவி எடுக்கவோ சங்கிலி மாட்டவோ மேலுறையைக் கழற்றும்போது, உறைந்த இரும்பில் வெறுந்தோல் படாமல் அது காக்கும்.

கால்களில் இரண்டு மூன்று காலுறைகளைத் திணிப்பது தவறு. பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் இன்னும் சீக்கிரம் குளிரும். ஒரே ஒரு தடித்த கம்பளிக் காலுறை போட்டு, உள்ளே விரல்களை அசைக்க இடம் இருக்கும் அளவிலான பூட்ஸை அணியுங்கள்.

சூடேற்றும் ஜாக்கெட் வாங்குகிறவர்கள் வாட் கணக்கைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். ஜாக்கெட் 70 முதல் 90 வாட்டும், கைப்பிடிச் சூடாக்கி 30 முதல் 50 வாட்டும் எடுக்கும்; கூடுதல் விளக்குகளையும் சேர்த்தால் சிறு வண்டிகளின் ஆல்டர்னேட்டரால் ஈடுகொடுக்க முடியாமல், பேட்டரி பகலிலேயே இறங்கிவிடும். மெதுவாக ஓட்டும்போது மின் உற்பத்தி இன்னும் குறைவு என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஹெல்மெட்டின் வைசரில் மூச்சு படிந்து பனித்துவிடும். கடுங்குளிரில் அந்தப் படலமும் உறைந்துபோகும். உள்ளே ஒட்டும் பின்லாக் தகடும், மூச்சைக் கீழ்நோக்கித் திருப்பும் மூக்குத் தடுப்பும் இரண்டுமே வேண்டும். வண்டி நின்றவுடன் வைசரைத் திறந்துவிடுங்கள். வெண்பனியில் பட்டுத் திரும்பும் புற ஊதாக் கதிர் ஒரே நாளில் கண்ணை எரித்துப் பார்வையைத் தற்காலிகமாகக் கெடுக்க வல்லது என்பதால், வெளிர் வைசருக்குள் நல்ல குளிர்கண்ணாடி அணிவது தேவை.

நான்காம் படி: காலையில் வண்டியைக் கிளப்புதல்

காஸாவின் காலையை நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கையின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். கிளட்சைப் பிடித்தால் களிமண்ணுக்குள் இழுப்பதுபோல் கனக்கும். இந்த வேலையை முந்தைய மாலையிலேயே தொடங்கியிருக்க வேண்டும். வண்டியைக் கிழக்கு வெயில் முதலில் விழும் சுவரோரம் நிறுத்தி, பேட்டரியைக் கழற்றி அறைக்குள் எடுத்துச் சென்று, என்ஜின் மேல் பழைய கம்பளியும் அதற்கு மேல் தார்ப்பாயும் போர்த்தி வையுங்கள். சைடு ஸ்டாண்டின் கீழ் ஒரு பலகை வேண்டும். பகலில் பனி இளகி ஸ்டாண்டு புதைந்தால் வண்டி சாய்ந்துவிடும்.

காலையில் வெயில் என்ஜின் மேல் ஒரு மணி நேரமாவது விழட்டும். அறைக்குள் வெதுவெதுப்பாக இருந்த பேட்டரியை மாட்டுங்கள். வெந்நீர் நிரப்பிய ரப்பர்ப் பையை ஆயில் தொட்டியின் மேல் வைத்துக் கம்பளியால் மூடினால் ஆயில் சற்று இளகும். வெந்நீரை நேராக என்ஜினில் ஊற்றுவது உலோகத்துக்கும் கேடு, வழிந்த நீர் கீழே உறைந்து தொல்லையும் கூட்டும். லாரி ஓட்டுநர்கள் டீசல் தொட்டிக்கு அடியில் தீ மூட்டுவதைப் பார்த்து அதைப் பெட்ரோல் வண்டியில் ஒருபோதும் செய்துவிடாதீர்கள்.

சாவியைப் போடும் முன், நியூட்ரலில் கிளட்சைப் பலமுறை இழுத்து விடுங்கள். ஒட்டிக்கொண்ட தகடுகள் பிரியும். பிறகு சாவியைத் திருப்பி, பெட்ரோல் பம்ப் ஓசை அடங்கும்வரை பொறுத்து, கிளட்சைப் பிடித்தபடியே ஸ்டார்ட்டரை ஐந்து வினாடிக்கு மேல் அழுத்தாமல் முயலுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே அரை நிமிடம் இடைவெளி வேண்டும். லித்தியம் பேட்டரி உள்ளவர்கள் முதலில் ஹெட்லைட்டை ஒரு நிமிடம் எரியவிட்டால் அது சற்றுச் சூடேறி உயிர் பெறும். ஈய அமில பேட்டரிக்கு இதைச் செய்யக் கூடாது. என்ஜின் கிளம்பியதும் முறுக்காமல், மூன்று முதல் ஐந்து நிமிடம் தன் போக்கில் ஓடவிட்டு, முதல் சில கிலோமீட்டர்களைத் தாழ்ந்த வேகத்தில் கடக்க வேண்டும். அந்த மெதுவான தூரத்தில், ஆபத்தில்லாத நேர்ச்சாலையில், முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியே மெல்லத் தொட்டுப் பாருங்கள். டிஸ்கில் படிந்த பனி அப்போதுதான் உதிரும்.

ஐந்தாம் படி: பனிச்சாலையைப் படித்து ஓட்டுதல்

சாலையில் மூன்று விதமான பனியைச் சந்திப்பீர்கள். மூன்றும் ஒன்றுபோல நடந்துகொள்வதில்லை. புதிதாக விழுந்த மென்பனி நான்கைந்து அங்குலம்வரை இருந்தாலும் கட்டை டயர் அதில் ஓரளவு பிடித்துப் போகும். வண்டிகள் ஓடி மிதிபட்டு இறுகிய பனி வழுக்கும்; அதன் மேல் டயர்த் தடங்கள் மெருகேறி மின்னினால், அந்தத் தடத்தை விட்டு விலகி, ஓரத்து மிதிபடாத பனியில் ஓட்டுவதே பாதுகாப்பு. மூன்றாவது, தாரின் நிறம் அப்படியே தெரியும் ஒளிபுகும் பனிப்படலம். ரைடர்கள் பிளாக் ஐஸ் என்பது இதைத்தான். மூன்றில் இதுவே கொடியது. பார்வைக்கு அது ஈரச் சாலையைப் போலவே இருக்கும்.

அது எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்பதுதான் நமக்கிருக்கும் நல்வாய்ப்பு. மலை மறைக்கும் வடக்கு நோக்கிய வளைவுகள், கீழும் மேலும் காற்று வீசிக் குளிர்ந்துவிடும் பாலங்கள், பாறை கவிந்த இடங்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாலையின் குறுக்கே ஓடும் நாலாக்கள் எனப்படும் மலை ஓடைகள். கப் என்னுமிடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது. அங்கிருந்து கொண்டையூசி வளைவுகளாக நாகோவுக்கு ஏறி, அதைத் தாண்டியதும் வரும் மல்லிங் நாலா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கோடையில் சேறும் கல்லும் உருண்டு வரும் அந்த இடத்தில், குளிர்காலத்தில் வழிந்த நீர் அடுக்கடுக்காக உறைந்து சாலை முழுவதும் சாய்தளமாகப் பரவிக் கிடக்கும். சாய்வு பள்ளத்தை நோக்கி இருக்கும்.

இப்படிப்பட்ட இடத்தை நெருங்குகையில், ஐம்பது மீட்டருக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். பனியின் மேல் ஏறியபின் குறைக்க நினைப்பது காலம் கடந்த செயல். எதிரே வரும் வண்டியின் டயரைப் பாருங்கள்: ஈரமாகத் தெரியும் சாலையில் அது நீரைத் தெறிக்காமல் வந்தால், அங்கே நீர் இல்லை, பனிக்கட்டி இருக்கிறது. ஐயம் இருந்தால் வண்டியை உலர்ந்த இடத்தில் நிறுத்தி இறங்கி, பூட்ஸால் தேய்த்துப் பாருங்கள். உங்கள் கால் நிற்காத இடத்தில் இரு சக்கரமும் நிற்காது. பனிக்கட்டி மைனஸ் 20 டிகிரியில் இருப்பதைவிட உருகும் நிலைக்கு அருகில் இருக்கும்போதே அதிகமாக வழுக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இளவெயில் பட்டு மேலே நீர் மினுங்கும் பனிக்கட்டி, காலைப் பனிக்கட்டியைவிட ஆபத்தானது.

அதைக் கடந்தே ஆக வேண்டும் என்றால் இரண்டாம் கியரில், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்து, வண்டியைச் சாய்க்காமல் நிமிர்த்தி, பார்வையைப் பள்ளத்தில் வைக்காமல் அக்கரையில் வைத்துச் செல்லுங்கள். முன் பிரேக்கிலிருந்து விரல்களை எடுத்துவிடுங்கள். இறக்கத்தில் தாழ்ந்த கியரின் என்ஜின் பிரேக்கே பின் சக்கரத்தை இழுத்துச் சறுக்க வைக்கலாம். பின்புறம் நழுவுவது தெரிந்தால் கிளட்சைப் பிடித்து சக்கரத்தை உருள விடுவதே வழி. சமதளத்தில் நடை வேகத்தில் இரு கால்களையும் ஊன்றிக்கொண்டு போகலாம். சரிவில் அதைச் செய்தால் வண்டியின் எடை கால் மேல் விழுந்து எலும்பு முறியும். வண்டி சாயத் தொடங்கிவிட்டால் அதைத் தாங்கிப் பிடிக்க முயலாமல் விட்டுவிட்டு விலகுங்கள். கூட்டமாகச் செல்பவர்கள் ஒருவர் முழுவதும் கடந்த பின்பே அடுத்தவர் இறங்க வேண்டும்.

பின் சக்கரத்தில் சுற்றும் பனிச்சங்கிலி, இறுகிய பனியில் ஏற்றத்துக்கு மிகவும் உதவுகிறது. அதை வீட்டிலேயே மாட்டிப் பார்த்து, ஸ்விங் ஆர்மிலும் பிரேக் காலிப்பரிலும் செயினிலும் உரசாத அளவுக்கு இடைவெளி இருக்கிறதா என்று உறுதி செய்ய வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. வெறும் தாரில் ஓட்டினால் சங்கிலி அறுந்து சக்கரத்தில் சிக்கும். முன் சக்கரத்துக்குச் சங்கிலி தரும் உதவி எதுவும் இல்லை என்பதால், வளைவில் அது கொடுக்கும் துணிச்சலை நம்பாதீர்கள்.

நாலாவின் நிலை கைமீறியதாகத் தோன்றினால் திரும்பிவிடுங்கள். பியோவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, சாலை திறந்திருக்கும் நாட்களில் காஸாவுக்கு ஓடும் அரசுப் பேருந்தில் ஏறிப் போகலாம். அப்பேருந்துகளை ஓட்டுபவர்கள் அந்தச் சாலையின் ஒவ்வொரு நிழலையும் அறிந்தவர்கள். அவர்களோடு ஒரு தேநீர்க் கடையில் பேசினால், அன்றைய சாலையைப் பற்றி எந்தச் செயலியும் தராத செய்தி கிடைக்கும்.

ஆறாம் படி: உடலைக் கவனித்தல்

உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதைத் தாழ்வெப்ப நிலை என்கிறோம். முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல்கள் தடுமாறும், பேச்சு குழறும், எளிய முடிவும் தவறும். இன்னும் குளிரிலேயே இருக்கும்போது நடுக்கம் தானாக நின்றுபோனால் அது நலமடைந்ததன் அறிகுறி அன்று, உடனடி உதவி வேண்டிய நிலை. தாழ்வெப்பத்துக்கு உள்ளானவர் தன் நிலையைத் தானே உணர மாட்டார் என்பதால், இதைக் கண்காணிப்பது கூட வருபவரின் பொறுப்பு; ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவரோடொருவர் நாலு வார்த்தை பேசிக்கொள்ளுங்கள். தனியாகப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விரல் நுனியோ மூக்கோ காதோ வெளுத்து, மெழுகுபோல் ஆகி, உணர்வற்றுப்போனால் அது உறைபனிப் புண்ணின் தொடக்கம். தேய்க்கக் கூடாது; பனியை வைத்து அழுத்தவும் கூடாது; நேராக நெருப்பில் காட்டவும் கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் மெல்ல அமிழ்த்த வேண்டும். மீண்டும் உறையும் வாய்ப்பு இருந்தால், பாதுகாப்பான இடம் சேரும்வரை அதை இளக்காமல் வைத்திருப்பதே நல்லது. இளகி மறுபடி உறையும் திசுவுக்குச் சேதம் மிக அதிகம். மது உடலைச் சூடாக்குவதில்லை. தோலுக்கு ரத்தத்தைத் திருப்பிவிட்டு உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது.

தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் அது உயர நோய். மேலே ஏறுவதை நிறுத்த வேண்டும். கூடினாலோ, நடையில் தள்ளாட்டம் வந்தாலோ உடனே இறங்க வேண்டும். டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்ட பின்பே எடுத்துக்கொள்ளுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்றாலும் வறண்ட காற்று உடலின் நீரை இழுத்துக்கொண்டே இருப்பதால், வெந்நீர்க் குடுவையை வைத்துக்கொண்டு மணிக்கு ஒரு முறையாவது குடிக்க வேண்டும்.

ஏழாம் படி: இரவு

ஸ்பிதி வீடுகளில் நடு அறையில் புகைபோக்கியோடு கூடிய இரும்பு அடுப்பு இருக்கும்; தந்தூர் என்பார்கள். குடும்பமே அதைச் சுற்றித்தான் அமரும், உங்களையும் அங்கேயே அமர்த்துவார்கள். புகைபோக்கி உள்ள அடுப்பு வேறு, கரி அங்கீட்டி வேறு. தட்டில் கனலும் கரியைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால், மணமோ நிறமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரை வாங்கிவிடும். அறைக்கு அது வேண்டாம், இன்னும் இரண்டு கம்பளி போதும் என்று சொல்லிவிடுங்கள்.

ஈரமான கையுறையையும் காலுறையையும் அடுப்பருகே உலர்த்துங்கள். பூட்ஸை வாசலில் விடாமல் உள்ளே வையுங்கள். செல்பேசி, பவர் பேங்க், தண்ணீர்க் குடுவை மூன்றும் போர்வைக்குள் உங்களோடு உறங்கட்டும். குழாய்கள் உறைந்துவிடுவதால் பெரும்பாலும் வாளி நீர்தான் கிடைக்கும்; அதை விறகு எரித்துப் பனியையோ ஆற்றுநீரையோ காய்ச்சித் தருகிறார்கள் என்பதால், குளிக்க வெந்நீர் கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம்.

எட்டாம் படி: திரும்பிய பின்

விரல் நுனிகளில் மரமரப்பு இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். வண்டியை நன்றாகக் கழுவி, செயினையும் பிரேக் காலிப்பர் ஊசிகளையும் சுத்தம் செய்து எண்ணெய் இடுங்கள். மண்ணும் பனிநீரும் கலந்த குழம்பு அங்கே தங்கித் துருவை வளர்க்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தால், உட்புறத்தில் பால்போன்ற படிவு தெரியலாம். குளிர்ந்த என்ஜினில் படிந்த நீராவி ஆயிலோடு கலந்திருப்பதன் அடையாளம் அது. காலை நேரக் கிளப்பலில் எரியாத பெட்ரோலும் ஆயிலில் வழிந்து அதைக் கெடுத்திருக்கலாம். மாற்றவேண்டிய கிலோமீட்டர் வராவிட்டாலும் அந்த ஆயிலை வடித்துவிட்டு, ஊரின் வெயிலுக்கு ஏற்றதாகக் கையேடு குறிப்பிடும் வகையை ஊற்றுங்கள். கூலண்ட் அப்படியே இருக்கலாம். அது கொதிநிலையையும் உயர்த்துவதால் நம் கோடைக்கும் ஏற்றது.